அந்த அரை நொடிச் சிரிப்பு: பையன்களின் நட்பும் ‘ஆம்பளை’ என்கிற அழுத்தமும்

பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஏடாகூடமாக ஏதாவது செய்துவிட்டால் வீட்டில் முதலில் வருகிற வார்த்தை, “சேர்க்கை சரியில்லை.” கொஞ்சம் ஆறியபிறகு, “அந்த வயசுல பசங்க அப்படித்தான் இருப்பாங்க.” இன்னும் சில மாதம் கழித்து அவன் யாரிடமும் எதையும் சொல்லாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினால், “ஆம்பளப் பசங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க, அது அவங்க சுபாவம்.” இந்த மூன்றையும் நானும் சொல்லியிருக்கிறேன். முதலாவது யாரோ ஒரு கெட்ட பையனைத் தேடச் சொல்கிறது, இரண்டாவது தேடவே வேண்டாம் என்கிறது. எனக்கு அதிக வருத்தம் தருவது மூன்றாவதுதான், ஏனென்றால் அந்தப் பையன் இழந்துகொண்டிருக்கும் ஒன்றை அவனுடைய சுபாவம் என்று நாமே அவனிடம் சொல்லிவிடுகிறோம்.

உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது என்பதை, உளவியல் படிக்காதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கை தூக்காத வகுப்பு

எல்லோருக்கும் பழக்கமான ஒரு காட்சி. ஆசிரியர் பலகை நிறைய எழுதி முடித்துத் திரும்பி, “புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா கேளுங்க” என்கிறார். உங்களுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கை தூக்கலாமா என்று சுற்றிப் பார்க்கிறீர்கள், ஒருத்தரும் தூக்கவில்லை. சரி, எல்லோருக்கும் புரிந்துவிட்டது போல, நம் மண்டையில்தான் ஏறவில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் உங்கள் அமைதியைப் பார்த்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு வகுப்பே புரியாமல் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

இதற்குக் கூட்டு அறியாமை என்று பெயர். ஒரு கூட்டத்தில் பலபேர் உள்ளுக்குள் ஒன்றை ஏற்காமல் இருந்தும், மற்ற எல்லோரும் அதை ஏற்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தப்பாக நம்பிக்கொண்டிருக்கும் நிலை.

டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதைப் பரிசோதித்து 1993இல் வெளியிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடிப்பழக்கம் உங்களுக்கு எந்த அளவுக்குச் சம்மதம், இங்கே படிக்கும் ஒரு சராசரி மாணவருக்கு எந்த அளவுக்குச் சம்மதமாக இருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். தங்களைவிட மற்றவர்களுக்குத்தான் அது அதிகம் சம்மதம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். எல்லோருமே அப்படி நினைத்தால் அந்தக் கணக்கு எங்கோ உதைக்கிறது அல்லவா? இதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்த முடிவு. நாளாக ஆக ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்து, மற்றவர்களின் கருத்து என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததை நோக்கி நகர்ந்தது. பெண்களிடம் அந்த நகர்வு தெரியவில்லை.

இதை அப்படியே ஐந்து பையன்கள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒருவன் தன் போனில், கூடப் படிக்கும் பெண் ஒருத்தியைக் கேவலப்படுத்துகிற ஒரு படத்தைக் காட்டுகிறான். மூன்று பேருக்கு உள்ளே சுருக்கென்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவன் கண்ணுக்கும் தெரிவது மற்ற நாலு பேரின் சிரிப்பு, தனக்குள் இருக்கும் கூச்சம் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவனும் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பு மற்ற இரண்டு பேருக்கும் சாட்சியாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பையன்கள் அஞ்சுவது நண்பர்களின் உண்மையான கருத்துக்கு அல்ல, நண்பர்களின் கருத்து இதுதான் என்று தாங்கள் போட்டுவைத்திருக்கும் கணக்குக்கு.

அழுத்தம் என்றால் யாரோ நெருக்குவது அல்ல

ஒத்த வயதினர் அழுத்தம் என்றதும் நம் மனதில் ஓடும் படம் வேறு. ஒரு முரட்டுப் பையன் இன்னொருவனைச் சுவரோரம் நிறுத்தி, “பண்றியா இல்லையா” என்று மிரட்டுகிற படம். அப்படியும் நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அந்தச் சொல் குறிப்பது, தன் வயதுக் கூட்டத்தில் ஒருவனாக இருப்பதற்காக ஒருவன் தன் பேச்சையும் நடத்தையையும் தானாகவே மாற்றிக்கொள்கிற நிலையைத்தான். அதற்குக் கட்டளை போட யாரும் தேவையில்லை.

கட்டளையே இல்லாமல் எப்படி நடக்கும் என்பதற்கு, தாமஸ் டிஷன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம். 13, 14 வயதுப் பையன்களை ஆளுக்கு ஒரு நண்பனோடு ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அதை வீடியோவில் பதிவு செய்தார்கள். பேச்சைவிட, எந்தப் பேச்சுக்கு எதிரில் இருப்பவன் சிரித்தான் என்பதைத்தான் குறித்துக்கொண்டார்கள். சில ஜோடிகளில் சாதாரண விஷயங்களுக்கும் சிரிப்பு வந்தது. வேறு சில ஜோடிகளிலோ விதிமீறல் பேச்சுக்குத்தான் சிரிப்பு வந்தது, திருடியது, ஏமாற்றியது, யாரையோ அடித்தது, இந்த மாதிரி. அப்படிச் சிரித்த ஜோடிகளில் இருந்த பையன்கள்தான் அடுத்த வருடங்களில் வம்புகளில் அதிகமாக இறங்கினார்கள். யாரும் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பள்ளி விட்டு நிற்கும் கூட்டத்தில் ஒருவன் சொல்கிறான், “நேத்து அந்தப் படம் பாத்து அழுதுட்டேன்டா.” அரை நொடி அமைதி. அந்த அரை நொடியில் மற்றவர்களின் கண்கள் சொன்னவன்மேல் இருப்பதில்லை. ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்க்கிறான், அவன் வேறொருத்தனைப் பார்க்கிறான், கடைசியில் எல்லாப் பார்வையும் அந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடுமோ அவன் முகத்தில் போய் நிற்கிறது. அவனுடைய உதட்டோரம் லேசாக வளைந்தால் போதும், எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். சொன்னவனும் சேர்ந்து சிரித்து, “சும்மா சொன்னேன்டா” என்கிறான். மொத்தமும் மூன்று நொடி. இனி அழுததை இங்கே சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அந்த உதடு வளைந்தவன் உட்பட.

சுருக்கமாக, பையன்கள் கூட்டத்தில் விதிகளை யாரும் சொல்லித் தருவதில்லை. எதற்குச் சிரிப்பு, எதற்கு அமைதி என்று பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

ஏன் இந்த வயதில் இவ்வளவு

பெரியவர்களும் ஊரோடு ஒத்துப்போகிறவர்கள்தான். ஆனால் பதின்ம வயதில் அதன் வலு வேறு. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைச் சிலரைத் தனியாகவும் சிலரைச் சகவயதினர் இருவரோடு சேர்த்தும் ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்தபின் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிகிறார்கள் என்பதுதான் சோதனை. கூட ஆள் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் தனியாக ஆடியவர்களைவிட நிறைய ஆபத்தை எடுத்தார்கள், 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டைன்பெர்க் குழு 2011இல் இதேபோல ஒரு விளையாட்டை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் ஆட வைத்தது. நண்பர்கள் கருவி இருந்த இடத்தில்கூட இல்லை, வேறு அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, பரிசு கிடைக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப்பகுதிகள் பதின்ம வயதினரிடம் கூடுதலாக இயங்கின, பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

அதாவது அந்த வயதில் நண்பனின் பார்வையே ஒரு பரிசு. “அவன் சொன்னா கிணத்துல குதிப்பியா?” என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், அவன் சொல்லவே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பதுதான். பையனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தனியாக உட்காரவைத்துக் கேட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்வான். தராசின் எதிர்த்தட்டில் இருக்கும் அந்தப் பார்வையின் எடைதான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேலிடிட்டி முடிகிற ஆண்மை

சரி, இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதுதானே, பையன்களுக்கு மட்டும் என்ன தனியாக என்று கேட்கலாம். பெண் பிள்ளைகள்மேல் விழும் விதிகள் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை, பல நேரம் அவை இன்னும் கொடுமையானவை. பையன்கள்மேல் விழுவதன் அமைப்பு வேறு.

போனுக்குப் போடும் ரீசார்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். சிம் உங்களுடையதுதான், எண் உங்களுடையதுதான், ஆனாலும் நாள் முடிந்தால் பேச்சு நின்றுவிடும், மறுபடி போட வேண்டும். பையன்களின் உலகத்தில் ‘ஆம்பளை’ என்ற பட்டம் அப்படித்தான் இருக்கிறது. நேற்றுப் பெரிய பையன் ஒருவனை எதிர்த்து நின்றது நேற்றோடு சரி. இன்றைக்கு “தில் இருக்கா?” என்று ஒருவன் கேட்டால், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இதை நிலையற்ற ஆண்மை என்கிறார்கள். ஆண்மை என்பது பாடுபட்டுச் சம்பாதிக்க வேண்டியது, எப்போது வேண்டுமானாலும் பறிபோகக்கூடியது, அதனால் பிறர்முன் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியது என்று ஒரு சமூகம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அது. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் வாண்டெல்லோவும் ஜெனிபர் பாஸனும் 2008 முதல் இதைப்பற்றி எழுதிவருகிறார்கள். அவர்களுடைய ஒரு சோதனையில் சில ஆண்களை ஒரு பொம்மைத் தலையின் முடியைப் பின்னச் சொன்னார்கள், வேறு சிலரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். கை செய்த வேலை கிட்டத்தட்ட ஒன்றேதான். அது முடிந்ததும், குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறீர்களா, புதிர் போடுகிறீர்களா என்று கேட்டால், முடி பின்னியவர்களில் அதிகம்பேர் குத்துவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வளர்ந்த ஆண்களுக்கே கொஞ்ச நேரம் சடை பின்னியதற்கு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்றால், குரல் உடைந்துகொண்டிருக்கும் பதினாலு வயதுப் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘ஆம்பளை’ என்றால் என்ன என்று ஒரு பையனைக் கேட்டால், பதிலில் பாதி ‘இல்லை’யில் வரும். அழக்கூடாது, பயப்படக்கூடாது, கெஞ்சக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண் மாதிரி இருக்கக்கூடாது. “பொண்ணு மாதிரி பண்ணாதடா” என்பது அவர்களுக்குள் எவ்வளவு சர்வசாதாரணமாக ஓடுகிறது. அதைவிட மோசமான, நான் இங்கே எழுத விரும்பாத சொற்களும் இருக்கின்றன. அந்தச் சொல் யார்மேல் வீசப்படுகிறதோ அவன் உண்மையில் யார், எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் வீசுபவனுக்குப் பொருட்டே இல்லை. அது ஒரு வேலி, யார் அந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அடுத்த கல் அவன்மேல். பெண்ணைக் கேவலமாக நினைப்பது இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆக, பட்டம் நிலையற்றது, அதைப் புதுப்பித்துத் தரும் அதிகாரம் நண்பர்கள் கையில். எதற்கும் துணிவது மாதிரி காட்டிக்கொள்ளும் பையன் பலநேரம் வேலிடிட்டி தீரப்போகிற பயத்தில்தான் இருக்கிறான்.

நட்புக்கு என்ன ஆகிறது

பையன்களின் நட்பு மேலோட்டமானது, சேர்ந்து விளையாடுவதோடு சரி என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நியோபி வே அந்த நினைப்பைத்தான் கேள்வி கேட்டார். ஒரே பையன்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்து அவர்களுடைய நட்பைப் பற்றிப் பேச வைத்தார். பதின்ம வயதின் முன்பாதியில் அவர்களில் பெரும்பாலானோர் நெருங்கிய நண்பனைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள். அவனிடம் மட்டும் சொல்லும் ரகசியங்கள், அவன் இல்லாவிட்டால் என்ன ஆவோம் என்ற தவிப்பு, எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. பதினாறு, பதினேழு வயதை ஒட்டி அதே பையன்களின் பேச்சு மாறியது. நண்பர்கள் இருக்கிறார்கள், ஆனால் முன்னைப்போல யாரையும் நம்ப முடியவில்லை என்றார்கள், சிலர் இப்போது எதற்கும் கவலைப்படுவதில்லை என்றார்கள். கூடவே இழந்ததற்கான ஏக்கமும் தெரிந்தது. ஒரு பையன் இயல்பாகவே நெருக்கம் வேண்டாதவன் என்றால் பதிமூன்று வயதில் அவனிடம் அது எங்கிருந்து வந்தது?

எனக்குப் பதினைந்து வயதில் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நண்பனின் அப்பா இறந்துபோனார். பத்து நாள் கழித்து அவன் பள்ளிக்கு வந்தான். சட்டை புதிதாக மடிப்புக் கலையாமல் இருந்தது, பையைக் கழற்றி வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் முந்தைய நாளே என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்தேன். பின்னால் நாலு பேர் இருந்தார்கள். “என்னடா, வந்துட்டியா” என்றேன், “ம்” என்றான். அப்புறம் முந்தைய நாள் நடந்த ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம், அவனும் பேசினான், சிரிக்கக்கூடச் செய்தான். பல வருடம் கழித்து ஒருநாள் போனில் பேசும்போது அவன் சொன்னான், “அன்னிக்கு யாராவது ஒருத்தன் எங்கப்பாவப் பத்திக் கேப்பீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன்டா.” பின்னால் இருந்த நாலு பேரில் இருவரிடம் பிறகு கேட்டேன். அவர்களும் கேட்க நினைத்து, நான் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கை தூக்காத வகுப்பேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பையன்கள் பேசாததெல்லாம் பயத்தால் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிரச்சினையைப் பேசினால் வெட்கமாக இருக்கும் என்று சொல்வதில் பையன்கள் பெண்களைவிட முன்னால் நிற்கவில்லை. பேசுவது ஒரு மாதிரியாக இருக்கும், நேரம்தான் வீண் என்றுதான் அதிகம் சொன்னார்கள். தோளோடு தோள் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் ஒரு சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதும் நட்புதான். கலாய்ப்பதும் பலநேரம் அன்பின் பாஷைதான், மச்சான் என்று கூப்பிட்டு ஓட்டுவதில் இருக்கிற உரிமை வேறு எதிலும் வராது. எது கலாய்ப்பு, எது குதறல் என்று பிரிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அது சுற்றி வருகிறதா? இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று எல்லோர் தலையும் உருண்டால், “போதும்டா” என்றால் நின்றால், பெரும்பாலும் பயமில்லை. எப்போதும் ஒரே தலைதான் உருளுகிறது, அவன் நிறுத்தச் சொன்னால் சிரிப்பு இன்னும் கூடுகிறது என்றால், அதற்கு நட்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்த வயதில் பழகாமல் விட்டது பிறகு தானாக வந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லை என்று சொன்ன ஆண்கள் 1990இல் 3 சதவீதம், 2021இல் 15 சதவீதம் என்று ஒரு கருத்துக்கணிப்பு காட்டியது. இதற்கு வேலை, இடமாற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் பதினைந்து வயதில் “எப்படிடா இருக்கே” என்று கேட்டுப் பழகாதவன் நாற்பதில் போனை எடுத்து யாரை அழைப்பான் என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒருவன் சிரிக்காவிட்டால்

இவ்வளவு வலுவான ஒன்றை என்னதான் செய்வது? இதற்கான குறிப்பு ஒரு பழைய சோதனையில் கிடைக்கிறது. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி ஆண்களை வைத்துச் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைத்தபடி ஒரே தப்பான பதிலைச் சொன்னால், உண்மையாகப் பங்கெடுக்க வந்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்தத் தப்பையே தானும் சொன்னார். பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். ஒத்துப்போவது கால்வாசியாகக் குறைந்தது. எதிரில் இருந்தது அதே பெரும்பான்மைதான், தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததுதான் புதிது.

அதனால்தான் நண்பர்களை வெட்டிவிடு என்ற அறிவுரை எனக்குச் சரியாகப் படவில்லை. பையனுக்குத் தேவை கூட்டத்திலிருந்து விடுதலை இல்லை, கூட்டத்துக்குள் இன்னொருவன். தப்பான சிரிப்பைப் பரப்புகிற அதே வழியாகத்தான் நல்லதும் பரவுகிறது. வீட்டில் இருப்பவர்கள் “யாருடா உன்னைத் தூண்டிவிட்டது?” என்று விசாரிக்காமல், “அப்போ மத்தவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நினைக்கிறே?” என்று கேட்டுப் பார்க்கலாம், அவன் போட்டுவைத்திருக்கும் கணக்கை அவனே எடுத்துப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். சேர்ந்து நடக்கும்போது, வண்டியில் போகும்போது, கண்ணைப் பார்க்க வேண்டியிராத நேரத்தில் கேளுங்கள். வீட்டு ஆண்கள் அவன் காதுபடத் தங்கள் நண்பரிடம் “மனசு சரியில்லடா” என்று ஒருமுறை சொன்னால், அதற்கு ஈடான பாடம் வேறில்லை.

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வரும்போது, பாதி வழியில் அவனாகவே ஆரம்பித்தான். அணித் தேர்வில் பெயர் வராத ஒரு பையன், எல்லோர் முன்னாலும் ராத்திரி முழுக்க அழுததாகச் சொல்லிவிட்டானாம். எல்லோரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்களாம். அதற்குள் இன்னொரு பையன் மெதுவாக, “அப்புறம் வீட்ல என்னடா சொன்னாங்க?” என்று கேட்டானாம், பேச்சு அப்படியே போய்விட்டதாம்.

“நீ என்னடா பண்ணே?” என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான், “நான் ஒண்ணும் பண்ணல மாமா. சிரிப்பு வர்ற மாதிரி இருந்துச்சு, சிரிக்கல.”